பெவிலியனும் மரத்தடியும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில், விளையாட்டுக் குழு அமைப்பது பற்றிய கூட்டத்துக்கு முன்பாக நான் பேசியது. கேட்க முடியாமல் போனவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், இன்று காலை கோலப் போட்டியில் குனிந்து இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகள், உறியடியில் பானையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்த நண்பர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

"விளையாட்டுக் கிளப்புகளின் வரலாறு பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு நம்ம குழுவை அமைத்துவிடலாம்" என்று செயலாளர் சொன்னார். வரலாறு சொல்கிறேன். ஆனால் கடைசியில் நம் ஷட்டில் கோர்ட்டில்தான் வந்து நிற்பேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சென்னைக்குப் போவோம். 1846 இல் அங்கே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கியது. 1865 முதல் அவர்களுடைய இடம் சேப்பாக்கம். நீங்கள் டிவியில் பார்க்கும் அதே சேப்பாக்கம்தான். கிளப் முழுக்க ஐரோப்பியர்களுடையது. இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே ஆடப் போகலாம், ஓடலாம், பந்து போடலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள், நம் ஆட்கள் மரத்தடிக்குப் போக வேண்டும். ஒரே மைதானம், ஒரே வெயில், ஒரே ஆட்டம். சோற்று நேரத்தில் மட்டும் இரண்டு இடம்.

இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஓர் இளைஞர் இருந்தார். பெயர் புச்சிபாபு நாயுடு. மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய வீடு, வசதியான குடும்பம். 1888 இல், இருபது வயதில், அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். எஸ்பிளனேடில் ஓர் இடத்தைச் சீர்செய்து ஆடுகளமாக்கினார். ஆர்வமுள்ள பையன்களைத் தேடிச் சேர்த்தார். மட்டை, பந்து வாங்க முடியாதவர்களுக்குத் தன் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தார். கிளப்பின் பெயரைக் கவனியுங்கள்: 'யுனைடெட்'. சாதி பார்த்து, மதம் பார்த்துத் தனித்தனிக் கிளப் வைக்கும் வழக்கம் பம்பாயில் வேரூன்றியிருந்த காலம் அது. இவர் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று வைத்தார்.

இருபது வருடம் அந்தக் கிளப்பை வளர்த்த பிறகு, ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சமமாக மோதும் ஒரு போட்டிக்கு மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புடன் பேசி ஏற்பாடு செய்தார். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1908 டிசம்பரில், நாற்பது வயதில் காலமானார். அவர் ஊன்றிய விதை பிறகு பிரசிடென்ஸி மேட்ச் என்று வளர்ந்து, சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி நடக்கும் பெரிய திருவிழாவானது. 1952 வரை நடந்தது. இன்று பொங்கல் என்பதால் இதையும் சொல்லத் தோன்றியது. 1909 இல் அவர் நினைவாகத் தொடங்கிய புச்சிபாபு போட்டியின் பெயரை இன்றும் விளையாட்டுப் பக்கத்தில் படிக்கிறோம்.

அவருடைய இளைய மகன் சி. ராமசாமி கதை இன்னும் சுவையானது. 1922 இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். 1936 இல் இங்கிலாந்து போய் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். அப்போது அவருக்கு வயது நாற்பது! முதல் டெஸ்டில் 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நன்றாக ஆடினார். 'ஒரு பிள்ளை ஒரே விளையாட்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், நாற்பதுக்கு மேல் எதற்கு ஆட்டம்' என்று நினைக்கும் அப்பாக்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடல் தாண்டிக் கொழும்புக்கு ஒரு நடை. அங்கே 1899 இல் தமிழர்கள் சேர்ந்து தொடங்கியது தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெட்டிக் கிளப். பெயரிலேயே கிரிக்கெட்டோடு தடகளமும் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய மைதானம் கொழும்பு ஓவல். அதை உருவாக்க உழைத்த பி. சரவணமுத்துவின் பெயரைத்தான் பிற்பாடு அந்த மைதானத்துக்கு வைத்தார்கள். 1982 இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது அங்கேதான். 1985 இல் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். வருத்தம் என்னவென்றால், தோற்றது நாம்.

அந்தக் கிளப்பில் சதாசிவம் ஆடினார், முரளிதரன் ஆடினார். தமிழ் யூனியன் என்ற பெயரில் தமிழர் ஆடினால் அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ரங்கன ஹேரத்தும் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்தான். முரளிக்குப் பிறகு இலங்கையின் சுழற்பந்தைத் தோளில் சுமந்தவர், சிங்களவர். அந்த நாடு என்னென்ன பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் நடுவில், பெயரில் தமிழ் இருந்தாலும் கதவு தமிழருக்கு மட்டும் என்று அந்தக் கிளப் வைக்கவில்லை.

அதே ஓவலில் 1948 இல் டான் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி, இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. ஆடும்போதுதான் தெரிந்தது, பிட்ச் 22 கஜம் இல்லை, 20 கஜம்தான் என்று! அளக்க வேண்டியவர் அளக்கவில்லை. நம் கோர்ட்டுக்குக் கோடு போடப் போகிற நண்பர் இதை மனதில் வைக்கவும். 44 அடி நீளம், 20 அடி அகலம். கண்ணால் பார்த்துச் சுண்ணாம்பு கொட்ட வேண்டாம், டேப் என் வீட்டில் இருக்கிறது.

இனி நம்ம ஊர். 1945 வாக்கில் அரவிந்தர் ஆசிரமத்தில் முறையான உடற்பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஆசிரமத்துக்கும் நமக்கும் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம், இங்கே பேச்சு விளையாட்டைப் பற்றி மட்டும். அந்தக் காலத்திலேயே பெண் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பையன்களுக்குச் சமமாக ஓடினார்கள், தாண்டினார்கள். ஆசிரமத்தை நடத்திய அன்னை எழுபது வயதைக் கடந்த பிறகும் டென்னிஸ் ஆடினார். சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லா வயதுக்கும் அங்கே ஓர் ஆட்டம் இருந்தது. இன்றும் டிசம்பர் 2 அன்று அவர்களுடைய உடற்பயிற்சிக் காட்சியை ஊரார் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு விட்டுப்போன ஓர் ஆட்டமும் உண்டு. பெத்தாங். இரும்புக் குண்டை எறிந்து, ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பார்க்கும் ஆட்டம். நம் ஊரில் இன்றும் ஆடுகிறார்கள், சாயங்காலத்தில் நின்று வேடிக்கை பார்த்திருப்பீர்கள். அது பிறந்த கதை தெரியுமா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் பிரான்சில் லா சியோத்தா என்ற ஊர். அங்கே ஆடிய பழைய குண்டாட்டத்தில் இரண்டு மூன்று அடி ஓடிவந்து எறிய வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவருடைய நண்பர்கள் என்ன செய்தார்கள்? அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, ஆட்டத்தின் விதியையே மாற்றினார்கள். இனி யாரும் ஓட வேண்டாம், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றபடி எறியலாம் என்றார்கள். பெத்தாங் என்ற பெயருக்கே ஊன்றிய கால் என்றுதான் பொருள். ஒரு மனிதரை விட்டுவிடக் கூடாது என்று மாற்றிய விதி, உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டாகிவிட்டது.

இப்போது நம் கோர்ட்டுக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு போர்டு வைத்தோம். 'ஃபிளாட் உரிமையாளர்கள் மற்றும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும்.' அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மெயின்டனன்ஸ் நாம் கட்டுகிறோம், நெட் நாம் வாங்கினோம், பிறகு வெளியாள் எல்லாம் வந்து கிழித்துவிட்டுப் போவான் என்று பேசினோம். நியாயமாகத்தான் பட்டது.

போர்டு வைத்து இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம் நான் கீழே போனேன். நம் செக்யூரிட்டி அண்ணனின் மகன், ஏழாம் வகுப்பு, கோர்ட் ஓரத்தில் நின்று நம் பிள்ளைகள் அடித்து வெளியே போன காக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்பு அவர்களோடு ஆடிக்கொண்டிருந்தவன். என்னைப் பார்த்ததும், "உள்ளே போகலை அங்கிள், கோட்டுக்கு வெளியேதான் நிக்கிறேன்" என்றான். நான் எதுவும் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான்.

அன்று எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "நல்ல பையன்" என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். இந்தப் பேச்சுக்காகப் புச்சிபாபு கதையைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. வெள்ளைக்காரன் வைத்த மரத்தடியைப் பற்றிக் கோபமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் ஜன்னலுக்குக் கீழே நானே ஒரு மரத்தடி வைத்திருக்கிறேன்.

அந்தப் போர்டால் கோர்ட்டாவது பிழைத்ததா? நீங்களே போய்ப் பாருங்கள். வாடகைக்கு இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் விலகிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் சிலர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். டபுள்ஸ் ஆட நாலு பேர் சேரவில்லை. இப்போது கோர்ட்டின் ஒரு பாதியில் துணி காய்கிறது, மறு பாதியில் ஐந்து டூவீலர். இதே நிலை நீடித்தால் அடுத்த பொதுக்குழுவில் 'யாரும்தான் ஆடுவதில்லையே, கார் பார்க்கிங் ஆக்கிவிடலாம்' என்று ஒரு தீர்மானம் வரும். யாராலும் மறுக்க முடியாது. வெளியாள் கிழித்துவிடுவான் என்று பயந்த நெட், ஆடுவார் இல்லாமல் கொடியிலேயே நைந்து போயிற்று.

ஆகவே, இன்று அமையப் போகும் விளையாட்டுக் குழுவுக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, அந்தப் போர்டை எடுத்துவிடுவோம். தெருவில் போகிற எல்லோருக்கும் கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஆடலாம் என்கிறேன். சொந்த வீடோ, வாடகை வீடோ, கீழே செக்யூரிட்டி அறையோ, எங்கே இருந்தாலும் சரி. இங்கே வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகள் அம்மாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆடட்டும். காக்குச் செலவை ஆடும் பெரியவர்கள் பகிர்ந்துகொள்வோம், பிள்ளைகளிடம் வாங்க வேண்டாம்.

இரண்டு, நேரம் பிரிப்போம். காலை ஆறு முதல் ஏழு வரை பெண்களுக்கு. "நாங்க வந்தா ஆம்பளைங்க ஆடிக்கிட்டே இருக்காங்க, எப்போ எங்க முறை வரும்?" என்று பி பிளாக் சகோதரி கேட்டது நியாயம். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு. சாவி, நெட், விளக்கு மூன்றுக்கும் மாதம் ஒருவர் பொறுப்பு. ஆட்டக்காரர் எத்தனை பேர் இருந்தாலும், நெட்டைக் கழற்றி உள்ளே வைக்க ஓர் ஆள் இல்லையென்றால் ஒரு மழைக்காலம் தாங்காது.

மூன்று, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் செடி மண்டிக் கிடக்கும் நீள இடத்தைப் பெத்தாங் தளமாக்குவோம். 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் போதும். சிமெண்ட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், மண்ணைக் கெட்டித்து மேலே கொஞ்சம் சரளை போட்டால் ஆயிற்று. முட்டி வலி என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்கள் எல்லோரும் ஆடலாம். லாஸ்பேட்டையில் இருந்துகொண்டு வாக்கிங்குக்கு ஹெலிபேட் மைதானத்துக்குப் போகிறோம், மீதி நேரத்துக்கு மொபைல் பார்க்கிறோம். அதற்கு இது மேல்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசுங்கள். நெட் கிழிந்தால் யார் பொறுப்பு, பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் யார் பேசுவது, இரவில் சத்தம் போட்டால் என்ன செய்வது, இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். பதில் கண்டுபிடிக்கத்தான் குழு. போர்டுதான் பதில் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை மூன்று வருடம் வைத்துப் பார்த்துவிட்டோம்.

தீர்மானம் எப்படிப் போனாலும், வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு டேப்பும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு கோர்ட்டில் இருப்பேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். செக்யூரிட்டி அண்ணனின் மகனிடம் கேட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இந்த முறை அவன் கோட்டுக்கு உள்ளே நிற்பான். டூவீலர் நிறுத்தியிருப்பவர்கள் சனிக்கிழமை இரவே எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும்.