"வலிப்பு நின்னுடுச்சு, ஆனா புள்ள முன்ன மாதிரி இல்ல"

(நம் அறக்கட்டளையின் குடும்ப நல அமர்வில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் வலிப்புக்காக வரும் குடும்பங்கள் தனி வகை. சர்க்கரை, பிரஷர் என்று வருகிறவர்கள் வாசலில் நின்றே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். வலிப்பு என்றால் கதவைச் சாத்தச் சொல்வார்கள். உருது பேசும் வீடுகளில் 'மிர்கி' என்ற சொல்லையே குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். சீட்டைக் காட்டி, மாத்திரைக்குப் பணம் வாங்கி, எழுந்து போகும்போதுதான் மனதில் இருப்பது வெளியே வரும்: "பாய், வலிப்பு நின்னுடுச்சு. ஆனா புள்ள முன்ன மாதிரி இல்ல."

இன்று நாம் பேச வந்தது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம். யார் என்று தேட வேண்டாம். பத்தாவது படிக்கும் பெண் பிள்ளை. அமைதியான பிள்ளை என்று தெருவே சொல்லும். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் என்ற மாத்திரை ஆரம்பித்தார்கள். வலிப்பு நின்றது. மூன்றாவது வாரம் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தாள். அத்தாவை எதிர்த்துக் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு, ஏன் கத்தினேன் என்று தெரியாமல் அழுதாள். முதலில் வயசுக் கோளாறு என்றார்கள். பிறகு செல்போன் என்றார்கள். கடைசியில் ஜின் என்றார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதிப் பார்க்க அழைத்துப் போனார்கள். அந்த ஹஜ்ரத் நல்ல மனிதர். ஓதுவதற்கு முன்னால், "புள்ளைக்கு ஏதாவது மாத்திரை கொடுக்குறீங்களா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், "நான் ஓதுறேன், நீங்க முதல்ல டாக்டரப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். அதற்குள் மாத்திரை நின்று நாலு நாள் ஆகியிருந்தது. அன்று இரவே குளியலறையில் வலிப்பு வந்து விழுந்து நெற்றியில் தையல். அதன்பின் டாக்டர் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒன்றரை மாதத்தில் பழைய பிள்ளை திரும்பி வந்தாள்.

அந்தப் பிள்ளையின் கோபம் அவள் குணம் அல்ல. மருந்தின் விளைவு. இது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டம் சில நிமிடம் கட்டுமீறிப் போவது. மருந்து அதை அடக்குகிறது. ஆனால் கோளாறான இடத்தை மட்டும் தேடிப் போய் அடக்கும் மருந்து இதுவரை இல்லை. மூளை முழுவதற்கும்தான் போகிறது. நினைவு, கவனம், கோபம், அழுகை, தூக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1857இல் இங்கிலாந்தில் புரோமைடு உப்பைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆள் மந்தமாகிப் போனார். 1912இல் ஜெர்மனியில் ஹாப்ட்மான் என்ற டாக்டர் பினோபார்பிட்டால் பலன் தருவதைக் கண்டார். அதுவும் தூக்கம் தருகிற மருந்து. 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர், தூங்கவைக்காமல் வலிப்பை அடக்கும் மருந்து வேண்டும் என்று தேடித்தான் ஃபெனிட்டாய்னைக் கொண்டுவந்தார்கள். நம் மெடிக்கல் கடைகளில் 'எப்டாய்ன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். ஆக, "மருந்து சாப்பிட்டால் மந்தமாக இருக்கிறது" என்பது உங்கள் வீட்டுப் பிள்ளையின் சோம்பேறித்தனம் அல்ல. நூற்றைம்பது வருடமாக டாக்டர்களே மல்லுக்கட்டி வரும் விஷயம்.

மருந்துக்கு மருந்து தொல்லை வேறு. லெவெடிராசெட்டத்தில் எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் சிலருக்கு வரும், பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில். டோபிராமேட் சாப்பிடுகிறவருக்கு வார்த்தை நாக்கில் நின்றுவிடும். தெரிந்த பொருளின் பெயரே வராது. ஃபெனிட்டாய்ன் அளவு கூடினால் தள்ளாட்டம், குழறல். தெருவில் பார்க்கிறவர் குடித்திருக்கிறான் என்று நினைப்பார். நம் சமுதாயத்தில் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்கே தெரியும். கார்பமாஸெபின் சிலருக்கு உடம்பில் சோடியத்தைக் குறைத்துவிடும். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் 'மறதி நோய்' என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குளோபாசம், பினோபார்பிட்டால் இரண்டும் தூக்கம் தரும். ஆனால் சில சிறு பிள்ளைகளுக்குத் தலைகீழாக, ஒரு இடத்தில் உட்காரவிடாமல் ஆட்டிவைக்கும்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிடாதீர்கள். மேற்கு வங்கக் கிராமங்களில் 94 பிள்ளைகளுக்கு இதையே சோதித்துப் பார்த்து 1998இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். பாதிப் பேருக்கு பினோபார்பிட்டால், பாதிப் பேருக்கு ஃபெனிட்டாய்ன். பினோபார்பிட்டால் கொடுத்தால் பிள்ளைகளின் நடத்தை கெட்டுவிடும் என்று பெரிய பயம் இருந்தது. ஃபெனிட்டாய்ன் சாப்பிட்ட பிள்ளைகளைவிட இவர்களிடம் கூடுதல் தொல்லை எதுவும் தெரியவில்லை. இரவில் யாரும் பார்க்காமல் வந்துபோகும் வலிப்பாலும் பகலில் ஆள் மந்தமாக இருப்பார். பள்ளியில் எல்லார் முன்பும் விழுந்த வெட்கம், வெளியே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருப்பது, இதுவும் மனதை முறிக்கும். எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. பிரித்துப் பார்க்கத் தேவையான தகவலைக் கொடுப்பது நம் வேலை.

அந்தத் தகவல்தான் போய்ச் சேருவதில்லை. ஓ.பி.யில் என்ன நடக்கிறது? நாமக்கல்லோ சேலமோ, விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, உள்ளே போனால் சில நிமிடம். "வலிப்பு வந்துச்சா?" "இல்ல டாக்டர்." "சரி, அதே மாத்திரை." முடிந்தது. கோபத்தைப் பற்றியும் மறதியைப் பற்றியும் அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அது 'மருத்துவ விஷயம்' என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அது வீட்டு விஷயம் என்று நினைத்து வீட்டிலேயே அடித்துத் திருத்தப் பார்க்கிறோம்.

எனவே எழுதி வையுங்கள். மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதி. அதற்குப் பின் தூக்கம் எப்படி, சிடுசிடுப்பு எப்போது, பாடம் மறக்கிறதா, சாப்பாடு குறைகிறதா. தேதியோடு இரண்டு வரி போதும். அளவு கூட்டிய மறுவாரமே கோபம் ஆரம்பித்திருந்தால் டாக்டருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அவரால் அளவைக் குறைக்க முடியும், நேரத்தை மாற்ற முடியும், இரவு வேளையில் கூட்டிக் காலையில் குறைக்க முடியும், மருந்தையே மாற்ற முடியும். நாமாக ஒரே நாளில் நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறதிக்கு வீட்டிலேயே சில வழி இருக்கிறது. மாத்திரைக்கு செல்போனில் அலாரம். கிழமை போட்ட டப்பா. சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. படிக்கிற பிள்ளைக்கு, தூக்கம் சொக்கும் நேரத்தை விட்டு, தெளிவாக இருக்கும் நேரத்தில் பாடம். வகுப்பு ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது. சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். சொல்லாவிட்டால் 'மக்கு' என்ற பெயர்தான் வரப்போகிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு லாரித் தொழில். வலிப்பு இருக்கிறதா என்று லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். அதற்குப் பயந்து மறைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை தூக்கம் தருகிறது என்று ஓட்டும் நாளில் அதை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை போட்டால் தூக்கம், விட்டால் வலிப்பு, இரண்டுக்கும் நடுவில் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவு. அப்படிப்பட்டவர் நம்மிடம் வரட்டும். வேறு தொழிலுக்கு உதவுவதுதான் ஸகாத்தின் நல்ல செலவு என்று எங்களுக்குப் படுகிறது.

ரமலானில் வேறொரு சிக்கல். இரண்டு வேளை மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலுமாக மாற்றிக்கொள்ளப் பலருக்கு டாக்டர்கள் வழி சொல்வார்கள். ஆனால் கேட்காமலே ஒருநாள் மாத்திரை முழுவதையும் இஃப்தாரில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தராவீஹில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும் உடம்பும் உண்டு. நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நிக்காஹ் பேசும் வீடுகளுக்கு ஒரு சொல். மறைத்துக் கட்டிக் கொடுத்த பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாள்? பாதி நாள் விட்டுப் போகும். மந்தமாக இருந்தால் 'சோம்பேறி', எரிந்து விழுந்தால் 'திமிர்' என்பார்கள். இன்னொன்று, வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் இருக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். அதனால் நிச்சயம் பேசும்போதே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு பயந்துபோய் நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 11 வலிப்பு மருந்துகள் பற்றிய 199 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ, மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு நாலு பேரிடம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேரிடம். மிகக் குறைவுதான். ஆனால் அந்த நாலில் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். "நான் இருந்து என்ன" என்று வாய்விட்டுச் சொன்னால், "ஈமான் இல்லையா" என்று அதட்டாதீர்கள். தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

ஏர்வாடியை நாம் மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. வழி தெரியாமல் திகைத்த குடும்பங்கள். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா–துவா' என்று ஒரு ஏற்பாடு நடந்தது. துஆ கேட்டு வருகிறவரை அங்கேயே மனநல டாக்டரும் பார்ப்பார். ஏர்வாடிக்கும் பின்னர் அது வந்தது. நாம் சொன்ன அந்த ஹஜ்ரத் எந்தத் திட்டமும் இல்லாமல் செய்ததும் அதுதான்.

எழுதுவதற்கு நாற்பது பக்க நோட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் மாத்திரை பெயர், அளவு, தேதி. மற்றப் பக்கங்கள் காலி. பெயர் எழுத இடம் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெண்களுக்குச் சனிக்கிழமை காலை, நம் ஆலிமா இருப்பார். ஓ.பி.க்குக் கூட வர ஆள் இல்லாதவர்கள் முந்தின நாளே சொன்னால் ஒருவரை அனுப்பி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.