புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்!

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"புத்தகங்களும் வாசகர் அபிப்பிராயமும்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்த வாசகர் என்பதுதான் முதல் கேள்வி. பத்திரிகைகளில் மதிப்புரை வருகிறது. எழுதுகிறவர் ஒரு பேராசிரியராக இருப்பார், அல்லது இன்னொரு எழுத்தாளராக இருப்பார். அவர்கள் எழுதட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்றுவிட்டு வந்து, கண் எரிய எரிய இருபது பக்கம் படிக்கிறானே ஒரு தொழிலாளி. நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்து, மகள் படிக்கப் படிக்கக் காது கொடுத்துக் கேட்கிறாளே ஒரு தாய். அவர்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள்? அதை யார் கேட்டார்கள்?

ஒருவர் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, சுமார் 12 ஆண்டுகள் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார். அந்த வரலாற்றைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

சைபீரியாவில் அல்தாய் என்று ஒரு பிரதேசம். அங்கே 1920-ம் ஆண்டில் குடியானவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்யூன் அமைத்தார்கள். நிலமும் பொது, மாடும் பொது, கலப்பையும் பொது. அதற்கு "மே மாதக் காலை" என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கம்யூனின் பள்ளிக்கூட வாத்தியார் பெயர் அத்ரியான் தொப்பரோவ். அவர் பிறந்தது 1891-ல். அவரும் கிராமத்துப் பிள்ளைதான். பகலில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். பெரியவர்களுக்கும் எழுத்துக் கற்பித்தார். வயலினும் வாசிப்பார், கம்யூனில் வாத்தியக் கோஷ்டி சேர்த்தார், நாடகமும் போட்டார். ஆனால் அவர் செய்ததில் பெரிய காரியம் வேறு.

மாலையில் வேலை முடிந்ததும் ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். கிழவர்கள் வருவார்கள், கைக்குழந்தையோடு பெண்கள் வருவார்கள். வாத்தியார் ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படிப்பார். படித்து முடிந்ததும் விவாதம். யார் வேண்டுமானாலும் பேசலாம். யார் என்ன சொன்னார் என்று பெயரோடு குறித்துக்கொள்வார். அவர்களுக்கு எதைப் படித்தார்? எளிய கதையாக நாலு பக்கம் பொறுக்கிப் படித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். புஷ்கின், கோகோல், துர்கனேவ், டால்ஸ்டாய், செகாவ் எல்லாம் படித்தார். அயல்நாட்டார்களில் மோலியேரும் ஹைனேயும் விக்டர் ஹ்யூகோவும் இப்ஸனும் மாப்பஸானும் வந்தார்கள். பிறகு அன்றைக்குப் புதிதாக எழுத வந்தவர்களையும் விடவில்லை.

1928-ல் மாஸ்கோவின் "இஸ்வெஸ்தியா" பத்திரிகையிலிருந்து அக்ரனோவ்ஸ்கி என்ற நிருபர் அந்தக் கம்யூனுக்குப் போனார். அங்கே குடியானவர்கள் ஜெர்மன் கவி ஹைனேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு வியந்துபோய்ப் பத்திரிகையில் எழுதினார். வியப்பு நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரு வக்கீல் ஹைனேயைப் பற்றிப் பேசினால் யாரும் வியப்பதில்லையே! ஹைனே வக்கீல்களுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனாரா?

இனி ஒரு நாவலின் கதையைக் கேளுங்கள். ஸஸூப்ரின் என்ற சைபீரிய எழுத்தாளர் 1921-ல் "இரண்டு உலகங்கள்" என்று ஒரு நாவல் வெளியிட்டார். கோல்சாக் என்ற வெள்ளைத் தளபதியின் படை சைபீரியாவில் ஆடிய கோரத்தையும், அதை எதிர்த்து மக்கள் நடத்திய போரையும் பற்றியது. தொப்பரோவ் இதைக் கம்யூனில் படித்தார். யாருக்குப் படித்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். 1919-ல் அந்த அல்தாய் பூமியிலேயே கொரில்லாப் போர் நடந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள். அவர்களிடம் பொய் எடுபடுமா? நகரத்து விமர்சகர் நாவலின் அமைப்பைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். இவர்களோ, இது நடந்த மாதிரி இருக்கிறதா, மனிதன் அந்த நேரத்தில் இப்படித்தான் பேசுவானா என்று பார்த்தார்கள். அவர்கள் சொன்ன அபிப்பிராயங்கள் "சைபீரியத் தீபங்கள்" என்ற இலக்கியப் பத்திரிகையில் அச்சாயின. எழுதியவனுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை உண்டா!

இந்தக் குறிப்புகளையெல்லாம் தொகுத்து 1930-ல் தொப்பரோவ் புத்தகமாக்கினார். அதன் பெயர் "எழுத்தாளர்களைப் பற்றிக் குடியானவர்கள்". பெயரைக் கவனியுங்கள். குடியானவர்களைப் பற்றி எழுத்தாளர்கள் எழுதிய புத்தகம் உலகத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இது அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது.

நம் அனுபவத்துக்கு வருகிறேன். கதைகளில் ஆலைக் காட்சி வருகிறதே, படித்திருப்பீர்கள். சங்கு ஊதும், புகைபோக்கி புகை கக்கும், தொழிலாளி நெற்றி வியர்வையை வழித்து எறிவான். அத்தோடு சரி. கேட்டைத் தாண்டி உள்ளே போனால் எழுத்தாளருக்கு வழி தெரியாது. பஞ்சுத் தூசு தொண்டையில் போய் அடைப்பது, ஓடுகிற மெஷினில் அறுந்த இழையை விரலால் பிடித்து ஒட்டுவது, மேஸ்திரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று ஒரு கண் எப்போதும் காவல் இருப்பது, இதெல்லாம் அங்கே இராது. இன்னொரு கதையில் நடவுப் பருவத்தில் அறுப்புப் பாட்டுப் பாடுவார்கள்! இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் வேண்டுமா? நூலைத் தொட்டதும் இன்ன கவுண்ட் என்று சொல்கிறவர், பயிரின் நிறத்தைப் பார்த்ததும் என்ன குறை என்று சொல்கிறவர், ஏன் ஒரு கதையைப் படித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

புகழும்போதும் இதே கதைதான். கார்க்கியின் "தாய்" நாவல் தமிழில் ரகுநாதன் மொழிபெயர்ப்பில் நம் படிப்பகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எப்படி என்று கேட்டால் "மகத்தான புத்தகம்" என்பார்கள். எந்த இடம் மகத்தானது என்றால் பதில் வராது. எனக்குக் கேட்டால், எழுத்துக் கூட்டத் தொடங்கும் அந்தத் தாய் அதை மகனுக்குத் தெரியாமல் மறைக்கிறாளே, அந்தக் கூச்சம் நாவலின் உயிர் என்பேன். சில இடங்களில் பேச்சு நீண்டுவிட்டது என்றும் சொல்வேன். நீங்கள் இல்லை என்று மறுக்கலாம். ரகுநாதனே நெசவாளர் வாழ்வை வைத்து 1953-ல் "பஞ்சும் பசியும்" எழுதினார். அதில் தறியும் பாவும் சரியாக வந்திருக்கின்றனவா என்பதை ஒரு நெசவாளி சொன்னால் அதற்குத் தனி எடை. டி. செல்வராஜின் "தோல்" நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன் சொல்லும் தீர்ப்பு அந்தப் பரிசுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

அதற்காகக் கூட்டத்தில் சொன்னதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பாஸ்டர்நாக்கின் "ஸ்பெக்டோர்ஸ்கி" என்ற நெடுங்கவிதையை அந்தக் கம்யூனில் படித்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, ஒன்றும் புரியவில்லை என்று கடுமையாகவே சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் புரியவில்லை என்பது நேர்மையான பேச்சு. எழுதியவர் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் எங்களுக்குப் புரியாதது யாருக்கும் வேண்டாதது என்று சொன்னால் அது வேறு பேச்சு. ஒரே தடவை கேட்டுக் கவிதைக்குத் தீர்ப்புச் சொல்வது சிரமம். நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், அடுத்த வாரம் இன்னொரு தடவை படியுங்கள் வாத்தியாரே என்று கேட்டிருப்பேன்.

வாத்தியாருக்கு என்ன ஆயிற்று? இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. புத்தகம் வெளிவந்த காலத்திலேயே அவரைத் தாக்கி உள்ளூர்ப் பத்திரிகைகளில் எழுதினார்கள். பாமரக் குடியானவனுக்கு இலக்கியத் தீர்ப்பு எதற்கு என்ற ஏளனமும் அதில் உண்டு; அரசியல் பழியும் உண்டு. எழுதியவர்கள் மிராசுதார்கள் அல்ல; புரட்சியின் பெயரால் பேசியவர்கள். 1932-ல் அவர் கம்யூனை விட்டுப் போக நேர்ந்தது. 1937-ல் கைது செய்யப்பட்டார். ஆண்டுக்கணக்காக முகாமில் கிடந்தார். அவர் குற்றமற்றவர் என்று 1958-ல்தான் தீர்ப்பாயிற்று. அந்த நாவலாசிரியர் ஸஸூப்ரினோ 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். உழைப்பாளி பேசட்டும் என்று சொன்னவரை, உழைப்பாளிகளின் சர்க்காரே சிறையில் அடைத்தது. முதலாளி செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் தவறுதல் என்று இதற்கு இரண்டு தராசு வைக்க முடியாது.

ஆனால் அந்த மாலை நேரப் படிப்பு வீண் போகவில்லை. 1961 ஆகஸ்டில் கெர்மான் தீத்தோவ் விண்வெளியில் பூமியை 17 முறை சுற்றி வந்தார். அவருடைய தந்தை ஸ்தெப்பான் தீத்தோவ் தொப்பரோவின் மாணவர். அந்தக் கம்யூனில் வளர்ந்தவர். மகனுக்குக் கெர்மான் என்ற பெயரைப் புஷ்கின் கதையிலிருந்து எடுத்தார். மகளுக்கு ஸெம்ஃபீரா என்று புஷ்கின் காவியத்துப் பெண்ணின் பெயர். உலகமே அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தபோது, மறந்துபோன வாத்தியாரின் பெயரும் வெளியே வந்தது. 1963-ல் புத்தகம் இரண்டாம் பதிப்புக் கண்டது. 1984-ல் காலமாகும் முன்பு மேலும் சில பதிப்புகளை அவர் கண்ணால் பார்த்தார்.

இது ருஷ்யாவில் மட்டும் நடந்த காரியமல்ல. கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1865-லேயே, கை சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் வழக்கம் தொடங்கிவிட்டது. படிப்பவருக்குக் கூலி தொழிலாளிகள் கைக்காசு. எந்த நாவல் என்பதை அவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். பிடித்துவிட்டால் இலை நறுக்கும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது! அமெரிக்காவில் தாம்பா நகரத்துச் சுருட்டு முதலாளிகள் 1931-ல் படிப்பவரை வெளியேற்றினார்கள். பிறகு அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவுக்கு ஓட்டுப் போட முடியாதல்லவா? இதோ பக்கத்தில் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் பத்திரிகை படிக்க வைத்து, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள். படித்து முடிந்ததும் சண்டைதான், விவாதம்தான்.

நம் ஊரில் என்ன தடை? சென்னை ராஜ்யத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். உங்கள் காசில் வாங்கிய புத்தகத்தைப் பற்றி நீங்கள் பேசாமல் யார் பேசுவது?

ஆகவே படிப்பகக் கமிட்டிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மாதம் ஒரு புத்தகம் போதும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்; எழுத்துத் தெரியாதவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், பெண்களை முதலில் பேச விடுங்கள். நன்று, மிக நன்று என்று சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த இடம், ஏன் என்று கேளுங்கள். மொழியைத் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதுவதற்கு ஒருவர் வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஞாயிறு மாலை தோதுப்படும் என்று சொன்னார்கள். கிராமத்துத் தோழர்களுக்கு அறுப்பு முடிந்த பிறகுதான் கையொழியும். அதையும் பார்த்து நாளைக் குறியுங்கள். முதல் புத்தகமாகச் செகாவின் சிறுகதைகளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. "தோல்" வேண்டும் என்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். கை தூக்கித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.