அறைச் சாவி யார் கையில்?



குளுகோர் பக்கம் போகிறவர்களுக்கு மிண்டன் தெரியும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரனின் ராணுவ முகாம். 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இன்று அங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றாலே நாம் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்றுதான் பேசுகிறோம். வளாகங்களில் விடியற்காலையில் அலுவலகம் திறந்து கூட்டுகிறவர்களையும், விடிய விடிய ஜாகா நிற்கிறவர்களையும் பற்றிப் பேசுவதில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரரான பேராசிரியர் லோகநாதன். நம் தமிழர், வகுப்பறையிலேயே உயிரை விட்டார். கொலைகாரன் முதலில் கட்டடத்தின் வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலி போட்டுப் பூட்டினான். பக்கத்து அறை ஒன்றில் மாணவர்கள் மேசையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். அந்த அறையில் ஒருவருக்கும் குண்டு படவில்லை. அறைக் கதவை உள்ளிருந்து சட்டென்று பூட்ட முடிய வேண்டும். வெளியேறும் வழியை யாரும் பூட்டக்கூடாது.

இங்கே நாம் அதிகம் பார்ப்பது துப்பாக்கி அல்ல, திருட்டு. திருட்டுக்குப் பயந்து அவசரக் கதவில் சங்கிலி போடுகிறார்கள். தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொள்வது கூட்டுகிற அக்காதான். அப்படி ஒரு சங்கிலியைப் பார்த்தால் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்தது சாவி. ஒரு கல்விக்கூடத்தில், பெயர் வேண்டாம், ஓர் அலுவலகத்து மடிக்கணினி காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஆனால் விசாரித்தது துப்புரவு செய்த நம் அக்கா ஒருவரை மட்டுமே. சாவியை எப்போது எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை. குத்தகையாளர் சம்பளத்தில் 300 வெள்ளி பிடித்துக்கொண்டு, மறுவாரமே வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்.

ஆகவே சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். புத்தகம் இல்லையா? ஒரு நோட்டில் நீங்களே எழுதுங்கள், கைப்பேசியில் படம் எடுங்கள். காலையில் போகும்போதே கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஜாகாவைக் கூப்பிட்டுவிட்டு வெளியிலேயே நில்லுங்கள். இரவில் தனி ஆளாய் மாடி ஏறச் சொன்னால் இரண்டு பேராகக் கேளுங்கள்.

ஜாகா வேலை செய்யும் தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் போலீஸ் அல்ல. கண்ணெதிரே கடும் குற்றம் நடந்தால் பிடிக்கலாம், ஆனால் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அறையில் வைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். உங்களை அனுப்பிய நிறுவனம் அன்றைக்குக் கூட நிற்காது, நான் பார்த்திருக்கிறேன்.

காணாமல் போன பொருளுக்காக முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸ் கைது செய்தால் வழக்கறிஞரையும் குடும்பத்தையும் தொடர்பு கொள்ளக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நியாயமில்லாமல் வேலை போனால், போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் வாங்கமாட்டார்கள். அந்த அக்கா "யாரிடம் போவது" என்று தெரியாமல் வீட்டிலேயே அழுதுகொண்டிருந்துவிட்டு, என்னிடம் வந்தது 57-ஆவது நாள். மறுநாள் காலை இலாகா திறக்கும்போது நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.