வேலை இழந்தவரின் கால அட்டவணை



பிரெஞ்சு இயக்குநர் லோரான் காந்தேயின் ‘லாம்ப்ளுவா டியு தாம்’ 2001ஆம் ஆண்டு வெளிவந்து, அவ்வாண்டே வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற திரைப்படம். கால அட்டவணைக்குப் பிரெஞ்சு மொழியில் இதுவே பெயர். தலைப்பின் முதற்சொல்லைத் தனியே எடுத்தால் வேலை என்று பொருள்படும். தமிழிலும் வேலை என்னும் சொல் பொழுதையும் குறிக்கும் என்பதை அகராதி புரட்டுவோர் அறிவர்.

வின்சென்ட் ஒரு நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தவர். வேலை போய்விட்டது. அதனை மனைவி மியூரியலிடம் அவர் சொல்லவில்லை. நாள்தோறும் காரில் புறப்படுகிறார், சாலையோரங்களில் உறங்குகிறார், கூட்டம் நீண்டுவிட்டது என்று தொலைபேசியில் கூறுகிறார். பின்னர், ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணி கிடைத்திருப்பதாக ஒரு பொய். அங்கே வீடு வாங்கவென்று தந்தையிடமும், முதலீடு என்ற பெயரில் நண்பர்களிடமும் பணம் பெறுகிறார்.

இக்கதைக்கு வித்திட்டது ஓர் உண்மை நிகழ்ச்சி. உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றும் மருத்துவர் என்று பல ஆண்டுகள் நடித்த ழான் குளோத் ரோமான், 1993 ஜனவரியில் மனைவியையும் இரு குழந்தைகளையும் பெற்றோரையும் கொன்றார். காந்தேயும் அவருடன் திரைக்கதை எழுதிய ரோபன் காம்பியோவும் அக்கொலைகளை அடியோடு நீக்கிவிட்டனர். கொடுமையைக் குறைத்துவிட்டார்கள் என்று இதனைக் கருதுவது பிழை. கொலை இருந்திருப்பின் பார்ப்பவர், ‘இவன் வேறு பிறவி’ என்று நிம்மதியாக எழுந்து போயிருப்பார். மேலும், ரோமான் ஒருநாளும் மருத்துவராக இருந்ததில்லை. வின்சென்டோ உண்மையாகவே வேலை பார்த்தவர்.

பார்த்த வேலையில் தமக்குப் பிடித்திருந்தது கார் ஓட்டுவது ஒன்றே என்று அவர் ஓரிடத்தில் மனம் திறக்கிறார். போகவேண்டிய கூட்டத்திற்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு, நேரே ஓட்டிக்கொண்டே போனதுண்டாம். அங்ஙனமாயின் பொய் எப்போது தொடங்கிற்று? வேலை போன பின்னரா, வேலையில் இருந்தபோதேயா? படத்தின் உயிர் இவ்வினாவில் இருக்கிறது.

ஜெனீவாவில் ஓர் அலுவலகக் கட்டடத்துள் அவர் நுழைந்து உலவும் காட்சி நுட்பமானது. கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் மனிதர்கள் பேசுகிறார்கள், தாள் புரட்டுகிறார்கள். அவரும் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அவர்களைப் போலவே இருக்கிறார். வேறுபாடு காண இயலவில்லை. வின்சென்டாக நடித்த ஒரேலியன் ரெக்வேன் நாடக மேடையில் பயின்றவர். அந்த மென்மையான முகம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அவருடைய பொய்யை முதலில் உணர்பவன் போலிச் சரக்குக் கடத்தும் ழான் மிஷேல். அப்பாத்திரத்தை ஏற்றவர், சிறை சென்று மீண்டு எழுத்தாளரான செர்ஜ் லிவ்ரோசே என்பது சுவையான செய்தி.

காந்தே 1999இல் எடுத்த ‘மனித வளம்’ படத்தில், தொழிற்சாலை நிர்வாகத்திற்குப் பயிற்சி பெற வரும் மகன், வேலைநீக்கப் பட்டியலில் தன் தந்தையின் பெயரைக் காண்கிறான். இயந்திரத்தை விட்டால் அத்தந்தைக்கு வேறு அடையாளம் இல்லை. வின்சென்டின் துயரம் அதனினும் விளங்கிக்கொள்ளக் கடினமானது. வேலை இல்லாமலும் அவரால் வாழ முடியவில்லை. வேலையிலும் அவர் இல்லை.

இறுதியில் பொய் வெளிப்படுகிறது. அவர் இரவில் காரோட்டிச் சென்று, சாலையில் இறங்கி இருளுக்குள் நடக்கிறார். இறந்துவிடுவார் என்றே எண்ணத் தோன்றும். அடுத்த காட்சியோ ஒரு நேர்முகத் தேர்வு. மேசைக்கு அப்பால் இருப்பவர் புதிய பதவியின் பொறுப்புகளை விரித்துரைக்கிறார். தமக்கு அச்சமில்லை என்கிறார் வின்சென்ட். காமிரா மெல்ல அவர் முகத்தை நெருங்குகிறது.