அளவறிந்து அகலக்கால் வை

அகலக்கால் வைக்காதே என்பது பெரியவர்கள் வாக்கு. நார்வே வீரர் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட் 2021-இல் துணிந்து அகலக்கால் வைத்தார்.

அவ்வாண்டு ஜூலையில் தோக்கியோ ஒலிம்பிக் டிரையத்லான் போட்டியில் தங்கம் வென்றார். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தமே ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

நவம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில், முதன்முறையாக அயர்ன்மேன் போட்டியில் இறங்கினார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நான்கு மடங்குக்கும் மேல்!

இங்கே வேகம் மட்டும் கை கொடுக்காது. உடலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து அத்தனை மணி நேரம் தாங்காது. சைக்கிளில் போகும்போதே சாப்பிட வேண்டும். கால் துடித்தாலும் வேகத்தை அடக்க வேண்டும்.

அவர் 7 மணி 21 நிமிடத்தில் முடித்து வென்றார். கடல் நீரோட்டம் நீச்சலுக்கு உதவியது உண்மைதான். ஆனால் 2022 மே மாதம், அமெரிக்காவின் செயிண்ட் ஜார்ஜ் நகரில், அப்படிப்பட்ட நீரோட்டம் இல்லாமலேயே அயர்ன்மேன் உலக வெற்றியாளர் ஆனார்.

நேயர்களே, அகலக்கால் வைப்பது தவறல்ல. அளவறியாமல் வைப்பதுதான் தவறு.