மீட்ட கணக்கு மெய்க்கணக்கா?

(திருநகரில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கப் பணியாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



திருப்பரங்குன்றம், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இங்கு வந்து கூடியிருக்கும் உங்கள் பொறுப்பு சிறிதன்று. குடியானவர் பெற்ற பயிர்க்கடன், அடகு வைத்த நகை, செலுத்திய தவணை யாவும் இன்று கணினியில் ஏறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. யாருக்கு எவ்வளவு கடன் என்பதற்குச் சங்கத்தின் கணக்கே சாட்சி. அக்கணக்கில் ஒரு வரி சிதைந்தால் ஒரு குடும்பத்தின் உரிமை சிதைந்துபோகும்.

ஆகவேதான் ‘பேக்கப்’ என்னும் காப்புப் பிரதியை எடுத்து வைக்கிறோம். ஆனால், கணினி பழுதாகி, அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டெடுத்த பின்னர், ‘தரவுத்தளம் சிதைந்துள்ளது’ என்று திரையில் எச்சரிக்கை தோன்றினால் செய்ய வேண்டியது என்ன? இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த எச்சரிக்கையின் பொருளை அறிவோம். தரவுத்தளம் என்பது பக்கம் பக்கமாக எழுதப்பட்ட பேரேடு போன்றது. நல்ல மென்பொருள்கள் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதும்போது அதிலுள்ளவற்றைக் கொண்டு ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து, அப்பக்கத்திலேயே குறித்து வைக்கின்றன. மீண்டும் படிக்கையில் அத்தொகை பொருந்தவில்லையெனில் எச்சரிக்கை எழுகிறது. எஸ்கியூஎல் சர்வர் என்னும் மென்பொருள் இதனை 824 என்ற எண்ணிட்டு அறிவிக்கும். எச்சரிக்கை நமக்குப் பகையன்று. கண்மாய்க் கரையில் நீர் கசிவதைக் கண்டு குரல் கொடுக்கும் காவற்காரனைப் போன்றது அது. அவன் வாயை அடைத்துவிட்டால் கசிவு நின்றுவிடாது.

எச்சரிக்கை கண்டவுடன் புதிய பதிவுகளை நிறுத்துங்கள். செய்தியை எண்ணும் நேரமும் உட்பட அப்படியே எழுதி வையுங்கள். இப்போதுள்ள தரவுக் கோப்புகளைக் கெட்ட நிலையிலேயே வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர் செய்யும் சோதனை எதுவாயினும் படியின்மீதே நடக்கட்டும். மூலப் பேக்கப்பைத் தொடலாகாது.

அடுத்து, பழுது எங்கே பிறந்தது என்று தேட வேண்டும். அதே பேக்கப்பை மற்றொரு நல்ல கணினியில் மீட்டுப் பாருங்கள். அங்கும் அதே பக்கத்தில் அதே குறை தோன்றினால், குறை பேக்கப்பிலேயே இருக்கிறது. மூலக்கணக்கு முன்னரே கெட்டிருக்கலாம். அல்லது பதிவுகள் நடந்துகொண்டிருக்கும்போதே கோப்பை நகலெடுத்ததால், பாதி பழையதும் பாதி புதியதுமாக அமைந்திருக்கலாம். பென் டிரைவில் கொண்டுவரும் வழியிலும் கோப்பு கெடுவதுண்டு. இரு முனைகளிலும் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டால் அது தெரியும். மற்றக் கணினியில் குறை தோன்றவில்லையெனில் முதற்கணினியின் வட்டையோ நினைவகத்தையோ ஐயுறுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கத்தில் குறை காட்டினால் நினைவகத்தின்மீது ஐயம் மிகும்.

சில வேளைகளில் தரவு நலமாயிருக்க, அதைத் தேட உதவும் அகரவரிசைக் குறியேடு மட்டும் பிழைபட்டிருக்கும். லினக்ஸ் கணினிகளின் ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பு 2018-இல் வெளிவந்தபோது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. பழைய கணினியிலிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுக் கோப்புகளை அப்படியே புதிய கணினிக்கு மாற்றியவர்களுக்கு இக்குறை நேர்ந்தது. குறியேட்டைப் புதிதாக அமைத்தால் தேடல் சீராகும்.

தரவே கெட்டிருந்தால், ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிச் சென்று, குறையற்ற பேக்கப்பைக் கண்டுபிடியுங்கள். சோதிப்பதற்கு எஸ்கியூஎல் சர்வரில் ‘டிபிசிசி செக்டிபி’ என்ற ஆணையும், மைஎஸ்கியூஎல்லில் ‘செக் டேபிள்’ என்ற ஆணையும் உண்டு. அந்த நல்ல பிரதிக்குப் பிந்திய வரவு செலவுகளை நாளேடும் ரசீதுகளும் கொண்டு மீண்டும் ஏற்றலாம். ‘ரிப்பேர் அலோ டேட்டா லாஸ்’ என்றொரு வழியும் எஸ்கியூஎல் சர்வரில் இருக்கிறது. தரவு போனாலும் போகட்டும், பழுது நீங்கட்டும் என்பதே அதன் பொருள். எச்சரிக்கை மறையும், அதனுடன் சில உறுப்பினர்களின் கடன் வரிகளும் மறையக்கூடும். வேறு வழியே இல்லாத போதன்றி அதனை நாடாதீர்கள்.

சோதனை தேறிய பிறகும் வேலை முடியவில்லை. பக்கம் சிதையவில்லை என்றுதான் கணினி கூறும்; கணக்கு மெய் என்று கூறாது. உறுப்பினர் எண்ணிக்கை, நிலுவைக் கடன் மொத்தம், பெட்டகத்திலுள்ள நகைப் பொட்டலங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஏட்டுடன் ஒப்பிட்டுக் கையொப்பமிட்ட பின்னரே அலுவலகத்தைத் திறக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதில் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமையால் எடுக்கப்படாமலே இருந்தது; அத்தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, எவர் பார்வைக்கும் வரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்திருந்த நகலொன்றே கைகொடுத்தது.

நம் முன்னோர் இவ்வகையில் கவனமுள்ளவர்கள். கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் கருவறையைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரை இடிப்பதற்கு முன்பே அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. மூலம் நலமாக நிற்கும்போதே படி எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

ஆதலால் பேக்கப் எடுப்பதற்கு முன் தரவுத்தளத்தைச் சோதியுங்கள். மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் சங்கக் கட்டடத்திற்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்த்து, மொத்தங்களை ஒப்பிட்டுப் பதிவேட்டில் குறியுங்கள். மீட்டுப் பாராத பேக்கப், திறந்து பாராத விதைக்குதிர் போன்றது. விதைப்பு நாளில்தான் உள்ளே இருப்பது நெல்லா பதரா என்று தெரியவரும். அந்நாள் வருமுன் திறந்து பார்ப்பது, நம்மை நம்பி நகையையும் நிலப்பத்திரத்தையும் ஒப்படைத்தவர்களுக்கு நாம் செய்யும் கடமையாகும்.