ஏர் ஃபிரையர் எதையும் வறுக்கறதே இல்ல

இந்த வாரம் கொஞ்சம் சமையல், கொஞ்சம் சயின்ஸ், கொஞ்சம் எங்க வீட்டுச் சண்டை.

போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் சொன்னதுல முதல் விஷயம், பொரிச்சதை நிறுத்துங்க. எங்க அப்பாவுக்குச் சாயங்காலம் நாலரை மணி டீயோட ஒரு பஜ்ஜியோ வடையோ இருந்தாகணும். முப்பது வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் வாரம், டம்ளரை மட்டும் கையில வெச்சுக்கிட்டு டிவியைப் பார்த்துட்டே உக்காந்திருந்தாரு. எனக்குத் தாங்கல. அன்னைக்கு ராத்திரியே ஃபோன்ல ஒரு ஏர் ஃபிரையர் ஆர்டர் பண்ணிட்டேன். இழுத்துத் திறக்கற கூடை மாடல் இல்ல. முன்னாடி கண்ணாடிக் கதவு, உள்ளே ரெண்டு மூணு தட்டு, பார்க்கச் சின்ன அவன் மாதிரி இருக்குமே, அது. 12 லிட்டர்.

வந்த அன்னைக்கே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். மாவு கம்பித் தட்டு வழியா ஒழுகிக் கீழ் ட்ரேல காஞ்சு ஒட்டிக்கிச்சு. மேலே மிச்சம் இருந்தது, வெளுத்துப்போன வாழைக்காய். அப்பா ஒரு கடி கடிச்சுட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு"ன்னாரு. அம்மா அவ்வளவு நல்லவங்க இல்ல. "ஏண்டி, இதுக்கா அவ்வளவு காசு?"ன்னு கேட்டுட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல பேரை மறந்துடுங்க. ஏர் ஃபிரையர்ங்கறது பேருதான், அது எதையும் வறுக்கறது இல்ல. உள்ளே இருக்கறது ரெண்டே விஷயம்: ஒரு ஹீட்டிங் காயில், ஒரு ஃபேன். அதாவது கன்வெக்‌ஷன் அவன். இது புதுசும் இல்ல. 1940-கள்லயே அமெரிக்காவுல வில்லியம் மேக்ஸன்னு ஒருத்தர், விமானத்துல உறைஞ்ச சாப்பாட்டைச் சூடு பண்றதுக்கு ஃபேன் வெச்ச அவன் செஞ்சிருக்காரு. 2010-ல ஃபிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில 'ஏர்ஃபிரையர்'னு ஒண்ணை அறிமுகப்படுத்தினாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தவர் ஃபிரெட் வான் டெர் வெய்ங்கற டச்சுக்காரர். சின்ன இடம், வேகமான காத்து, இதுதான் அவங்க செஞ்ச மாற்றம். அப்புறம் மத்தவங்க அந்தச் சின்ன இடத்தைத் திரும்பப் பெருசாக்கி, கதவு வெச்சு, தட்டு வெச்சாங்க. சுத்திச் சுத்தி மறுபடி அவன்லதான் வந்து நின்னிருக்கு.

சரி, காத்து எப்படி மொறுமொறுப்பு குடுக்குது?

நாம மொறுமொறுன்னு சொல்றது, மேல் தோல்ல தண்ணி இல்லாத நிலை. தண்ணி இருக்கற வரைக்கும் அந்த மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது, ஏன்னா வர்ற சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கறதுக்கே போயிடும். தண்ணி காலியான பிறகுதான் 140 டிகிரி வாக்குல அந்தப் பொன்னிறம், அந்த வாசனை எல்லாம் வரும். மெய்லார்ட் வினைன்னு சொல்லுவாங்க, 1912-ல அதை விளக்கின பிரெஞ்சு வேதியியலாளர் பேர்ல. ஆக, முதல் வேலை தண்ணியை வெளியேத்தறது.

180 டிகிரி எண்ணெய் அந்த வேலையை நொடியில செஞ்சுடும். வாணலியில வடை போட்டதும் சொய்ங்ன்னு சத்தம் வருதே, அது தண்ணி ஓடற சத்தம். காத்து அப்படி இல்ல. காத்து சூட்டைக் கடத்தறதுல பரம சோம்பேறி. எண்ணெய் ஒரு சொட்டு தெறிச்சா கையில கொப்பளம். ஆனா 200 டிகிரி அவனைத் திறக்கும்போது முகத்துல அடிக்கற காத்து, சுடும், அவ்வளவுதான்.

அந்தச் சோம்பேறியை வேலை வாங்கறதுக்குத்தான் ஃபேன். எந்த உணவைச் சுத்தியும் ஒரு மெல்லிய அசையாத காத்துப் போர்வை இருக்கும், ஈரமா, கொஞ்சம் குளிர்ச்சியா. ஃபேன் அதைக் கலைச்சுக்கிட்டே இருக்கும். மொட்டை மாடியில துணி காயப் போடறோம்ல? அதே வெயில்தான், காத்தடிக்கற நாள்ல சீக்கிரம் காஞ்சுடுது. அவ்வளவுதாங்க ஏர் ஃபிரையர்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா பஜ்ஜி ஏன் சொதப்புச்சுன்னு தெரிஞ்சுடும். எண்ணெயில விழுந்த நொடியே மாவு இறுகிடும். காத்துல இறுகறதுக்குப் பல நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மாவு ஒழுகிடும். மெதுவடையும் அதே கதை. தண்ணியா இருக்கற மாவு எதுவும் இதுக்கு ஆகாது. யூட்யூப்ல செஞ்சு காட்டறாங்களேன்னு கேப்பீங்க. வீடியோவுல கடிச்சுக் காட்டறாங்களான்னு பாருங்க.

இப்போ அவன் மாடலுக்கு மட்டும் உள்ள விஷயங்கள். கூடை மாடல்ல ஃபேன் சாப்பாட்டுக்கு நேர் மேல, ரொம்பப் பக்கத்துல இருக்கும். அடியில ஓட்டை இருக்கறதால காத்து கீழே இருந்தும் வரும். அவன் மாடல்ல இடம் பெருசு, காத்துக்குப் பயணம் அதிகம். அதனால நாமதான் அதுக்கு வழி விடணும். நான் செஞ்ச முதல் தப்பு, கழுவற வேலை மிச்சம்னு தட்டு முழுக்க அலுமினியம் ஃபாயில் போட்டது. காத்து வர்ற வழியை நானே அடைச்சுட்டேன். மேல் பக்கம் கருகி, அடிப்பக்கம் சொதசொதன்னு இருந்துது. ரெண்டாவது தப்பு, வீட்டுக்கு ஆள் வந்தாங்கன்னு ஒரு கிலோ உருளைக்கிழங்கை மூணு தட்டுலயும் நெருக்கி அடுக்கினது. அத்தனை கிழங்குல இருந்து வர்ற ஆவி எங்கே போகும்? உள்ளேயே சுத்தும். நாற்பது நிமிஷம் கழிச்சு எடுத்தா, அவிச்ச கிழங்கு. இட்லிப் பானையிலயே வெச்சிருக்கலாம்.

அதனால ஒரே அடுக்கா, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு வைங்க. ரெண்டு தட்டு வெச்சா பாதி நேரத்துல மேல் தட்டைக் கீழேயும் கீழ் தட்டை மேலேயும் மாத்துங்க, ஏன்னா காயில் பெரும்பாலும் மேலதான் இருக்கும். சும்மா சும்மா கதவைத் திறக்காதீங்க. கண்ணாடி எதுக்கு இருக்கு? வைக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ப்ரீஹீட் பண்ணுங்க. அப்போ உள்ளே பேக்கிங் பேப்பரை மட்டும் தனியா விட்டுடாதீங்க. பாரம் இல்லாத பேப்பர் பறந்து போய்க் காயில்ல ஒட்டிக்கிட்டா தீப்பிடிக்கும். அப்பளமும் அப்படிப் பறக்கும், கம்பித் தட்டை மேலே கவுத்து வெச்சுப் பிடிச்சுக்கணும். சாதாரண அவனுக்கு எழுதின ரெசிபின்னா, ஒரு 20 டிகிரி குறைச்சுக்கிட்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே பார்க்க ஆரம்பிங்க.

எண்ணெய் சுத்தமா வேண்டாமான்னா, வேணும். அரைக் கிலோ காய்க்கு ரெண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி. எண்ணெய் இல்லாம வெச்சா காய் வறண்டு போகும், மொறுமொறுப்பு வராது. வெச்ச பிறகு மேல தெளிக்கறதை விட, முன்னாடியே கிண்ணத்துல போட்டுக் கையால பிசிறிடுங்க, எல்லாப் பக்கமும் படும்.

எங்க வீட்டுல ஜெயிச்சது சேப்பங்கிழங்கு. முக்கால் பதம் வேக வெச்சு, தோலுரிச்சு, நறுக்கி, பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழே ஆற விடுங்க. இந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர்க்காதீங்க, மேல் ஈரம் போறது இங்கதான். அப்புறம் ரெண்டு டீஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. 180-ல பன்னிரண்டு நிமிஷம், திருப்பிப் போட்டு, 200-ல ஒரு அஞ்சு நிமிஷம். எடுத்த எடுப்புல 200-ல வெச்சா மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். அம்மா முதல் தடவை "பரவாயில்ல"ன்னு சொன்னது இதுக்குத்தான். எங்க அம்மா அகராதியில அது பெரிய பாராட்டு.

மீனும் அருமையா வரும், வஞ்சிரம் துண்டு 180-ல பத்துப் பன்னிரண்டு நிமிஷம், கனத்தைப் பொறுத்து. சிக்கன் லெக் பீஸ் வெக்கறவங்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கோங்க. எலும்பை ஒட்டின சதையில 74 டிகிரி காட்டணும், வெளியே சிவந்திருக்கறதை நம்பாதீங்க. கருவாடு மட்டும் வேண்டாம். ஃபேன் அதை மொத்த அபார்ட்மென்ட்டுக்கும் அறிவிச்சுடும்.

உருளைக்கிழங்குக்கு ஒரு தனிக் குறிப்பு. நறுக்கி அரை மணி நேரம் தண்ணியில ஊற வெச்சு, நல்லாத் துடைச்சுட்டு வைங்க. மேல இருக்கற மாவும் சர்க்கரையும் கொஞ்சம் போயிடும். மாவுச்சத்து உள்ள பொருள் அதிகச் சூட்டுல சிவக்கும்போது அக்ரிலமைடுன்னு ஒண்ணு உருவாகுது. 2002-ல ஸ்வீடன்காரங்கதான் இதை உணவுல கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. எண்ணெய் இல்லாததால இங்கே அது வராதுன்னு நினைக்காதீங்க. பொன்னிறத்துலயே எடுத்துடுங்க, பழுப்பு ஆக விடாதீங்க.

இப்போ, நான் உண்மையிலேயே பேச வந்த விஷயம்.

பஜ்ஜி சொதப்பின பிறகு நான் சூப்பர் மார்க்கெட்ல இருந்து ஃப்ரோசன் ஐட்டம் வாங்கிட்டு வந்தேன். ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், ஸ்மைலி, கட்லெட், நக்கெட்ஸ். எல்லாமே பிரமாதமா வந்துது. கடையில வாங்கின மாதிரியே. அப்பா முகத்துல பழைய களை. "எண்ணெயே இல்லாம எப்படிம்மா இப்படி வருது!" தினமும் நாலரை மணிக்கு ஒரு தட்டு. முன்னாடி ரெண்டு வடை சாப்பிட்டவரு, இப்போ பத்துப் பன்னிரண்டு நக்கெட்ஸ் சாப்பிடறாரு. கேட்டா, "எண்ணெய் இல்லையே." ஒன்றரை மாசம் இப்படியே ஓடிச்சு. நானும் பெருமையா வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன்.

ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துது. என் கையால நறுக்கின கிழங்கு இப்படி வரலயே, பாக்கெட் கிழங்கு மட்டும் ஏன் வருது? பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொருள்கள் பட்டியல்ல கிழங்குக்கு அடுத்ததே எண்ணெய். ஃபேக்டரியிலேயே ஒரு தடவை எண்ணெயில போட்டு எடுத்து, அப்புறம்தான் உறைய வெக்கறாங்க. என் மெஷின் செஞ்சது, ஏற்கெனவே பொரிச்சதைச் சூடு பண்ணது மட்டும்தான். அது மொறுமொறுன்னு வந்ததுல என்ன அதிசயம்? நக்கெட்ஸ் பாக்கெட்ல அதோட உப்பும் மைதாவும். அதையெல்லாம் எந்தக் காத்தும் குறைக்காது.

அடுத்த செக்கப்புக்கு அந்தக் காலி பாக்கெட்டையே எடுத்துட்டுப் போனோம். டாக்டர் சோடியம் வரியைப் பார்த்துட்டு, அப்பாவைப் பார்த்தாரு. அப்பா என்னைப் பார்த்தாரு. அந்த ரூம்ல குற்றவாளி நான்தான்.

அதுக்கப்புறம் ஃப்ரோசன் ஐட்டம் வீட்டுக்கு வரல. வாரத்துல நாலு நாள் சுண்டல், ஒரு நாள் சேப்பங்கிழங்கு இல்லன்னா வேர்க்கடலை, ஞாயித்துக்கிழமை மசால் வடை. மசால் வடை இதுல வரும், ஏன்னா மாவு கெட்டி. கடலைப் பருப்பை ரெண்டு மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை ஒட்ட வடிச்சு, கொரகொரன்னு அரைச்சு, தட்டையாத் தட்டி, ரெண்டு பக்கமும் பிரஷ்ல எண்ணெய் தொட்டுத் தடவி, 180-ல பதினாறு பதினேழு நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பி. கனமாத் தட்டினா உள்ளே மாவா நிக்கும். எண்ணெய் வடை மாதிரியே இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். சூடா சாப்பிட்டா நல்லா இருக்கும், ஆறினா கல்லு. அப்பா ரெண்டு சாப்பிடறாரு. மூணாவதுக்குக் கை நீட்டினா அம்மா தட்டை எடுத்துடறாங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி, வாடகை வீட்டுல இருக்கறவங்க இதைக் கேட்டே ஆகணும். இந்த மாடல்கள் பெரும்பாலும் 1500 வாட்ஸுக்கு மேல, என்னோடது 1700. நம்ம வீட்டு 230 வோல்ட்ல அது ஏழு ஆம்பியருக்கு மேல இழுக்கும். மிக்ஸி போடற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட்ஸ் வரைக்கும்தான். எங்க சமையலறையில இருந்த ஒரே பவர் பிளக்கை ஃப்ரிட்ஜ் பிடிச்சுக்கிச்சுன்னு, நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகினேன். மூணாவது நாள் பிளாஸ்டிக் கருகற வாசனை. பாக்ஸ் ஒரு ஓரம் உருகிப் போயிருந்துது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துட்டு, "நல்ல வேளைம்மா, ஆள் இருக்கும்போது ஆச்சு"ன்னாரு. 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாப் போட வெச்சோம். மெஷினோட விலையைப் பார்க்கும்போதே அந்த வேலைக்கான காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கரண்ட் பில்லைப் பத்திக் கவலை வேண்டாம், இருபது நிமிஷம் ஓடினா அதிகபட்சம் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல.

சுவருக்கும் மெஷினுக்கும் நாலஞ்சு இஞ்ச் இடம் விடுங்க, பின்னாடி சூடான காத்து வரும். வாரம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, நல்லா ஆறின பிறகு, மேல இருக்கற காயில் பக்கம் ஈரத் துணியால துடைங்க. புகை வருதுன்னு எனக்கு மெசேஜ் பண்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பதில் அங்கேதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. பேக்கரி எக் பஃப்ஸை மைக்ரோவேவ்ல வெச்சு ரப்பராக்கறவங்க, இதுல 160-ல அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாருங்க. எப்படி இருந்துதுன்னு மறக்காம எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.